அரக்குப் புடவையும் அறுபது வாட் விளக்கும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எந்தத் துணிக்கடைக்குள் போய் நின்றாலும் இதைப் பார்க்கலாம். புடவையைத் தோளில் போட்டு, கண்ணாடி முன் நின்று, விலையும் பேசி முடித்த பெண், பில் போடும் முன் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். "இருங்கண்ணா, வெளிச்சத்துல பார்த்துட்டு வரேன்" என்பார். கடைக்குள் நாற்பது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆனாலும் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். உள்ளே எரிவதை நம்பி நிறம் எடுக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். மேட்சிங் சென்டரில் பிளவுஸ் பிட் வாங்க வருகிறவர்களும் புடவை முந்தானையையும் பிட்டையும் சேர்த்துப் பிடித்து வாசலில்தான் முடிவு செய்வார்கள்.

ஸ்டூடியோ விளக்கு வாங்குவதைப் பற்றி எனக்குத் தெரிந்த பாதி விஷயம் இந்த வாசலில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷமும் கொஞ்சம் பணமும் ஆனது.

நான் எம்.சி. ரோட்டுக் கடைகளுக்குப் புடவை, சுடிதார், குழந்தைகள் உடுப்பு எல்லாம் படம் எடுத்துக் கொடுக்கிறவன். கடைக்காரர்கள் அந்தப் படங்களை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு வெளியூருக்கு விற்கிறார்கள். ஸ்டூடியோ என்று சொல்வது வாடகை வீட்டின் முன்னறையை. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஆரம்பத்தில் பாரிமுனையில் ஓர் எலக்ட்ரிகல் கடையில் இரண்டு 50 வாட் எல்.இ.டி. பிளட் லைட் வாங்கினேன். ஒன்று 650 ரூபாய். அறை பளிச்சென்று ஆனது, படமும் பளிச்சென்று வந்தது. இனி விளக்குக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, அந்த அரக்குப் புடவை மூணு திரும்பி வந்துடுச்சு. போட்டோல காப்பித்தூள் கலரா இருந்துச்சாம், கையில எடுத்தா செவப்பா இருக்குதாம். கலர் மாத்தி அனுப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க." மூன்று புடவைக்கும் போய் வர கூரியர் செலவு அவர் தலையில். அதைவிட, கலர் மாற்றி அனுப்புகிற கடை என்ற பேச்சு அவரை அதிகம் உறுத்தியது.

கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன். சிவப்பைக் கூட்டினால் ஜரிகை ஆரஞ்சாகிறது. ஜரிகையைச் சரிசெய்தால் பச்சைக் கரை அழுக்காகிறது. இரவு ஒன்றரை மணி வரை முயன்றேன். காலையில் அதே புடவையை வாசலில் கொடிக்கயிற்றில் போட்டு போனிலேயே ஒரு படம் எடுத்தேன். அரக்கு அரக்காகவே வந்தது. அப்போதுதான், குறை கேமராவிலும் இல்லை, என் கையிலும் இல்லை, சிவப்பு அந்த விளக்கிலேயே இல்லை என்று விளங்கியது. விளக்கு கொடுக்காத நிறத்தைத் துணி எங்கிருந்து திருப்பித் தரும்?

வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது நீல எல்.இ.டி.தான். அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு இருக்கும். நீலத்தில் ஒரு பகுதி பூச்சில் பட்டு மஞ்சளாக மாறுகிறது, மீதி நீலம் அப்படியே வெளியே வருகிறது. இரண்டும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஆனால் மலிவான விளக்கில் இந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. நல்ல விளக்கில் சிவப்புக்கென்று தனி பாஸ்பரும் சேர்க்கிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது, உச்சம் 100. எல்லோரும் அதைப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்த எண்ணுக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. அது எட்டு வெளிர் நிறங்களை வைத்து எடுக்கிற சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அது ஒன்பதாவதாக, ஆர் 9 என்று தனியாக இருக்கிறது. சி.ஆர்.ஐ. 80 என்று போட்ட விளக்கில் ஆர் 9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகலாம். குங்குமம், அரக்கு, கூரைப் புடவை, தக்காளி, மாதுளை என்று நம் ஊரில் படம் எடுக்கக் கொடுக்கப்படுகிற பொருளில் பாதி அந்த ஒன்பதாம் நிறத்தில்தான் இருக்கிறது. வீடியோவுக்கென்று விற்கும் விளக்குகளில் டி.எல்.சி.ஐ. என்று இன்னோர் எண்ணும் இருக்கும். கேமரா எப்படிப் பார்க்கும் என்பதை வைத்துக் கணக்கிடுவது அது. என் வரையில் சி.ஆர்.ஐ., டி.எல்.சி.ஐ. இரண்டும் 95-க்கு மேல், ஆர் 9 குறைந்தது 80 என்றால்தான் கையில் எடுப்பேன். ஆர் 9 எங்கும் போடவில்லை என்றால், என்னோடு ஒரு கை அகல அரக்கு பிளவுஸ் பிட் கொண்டு போவேன். முதலில் கடை வாசலில் அதைப் படம் எடுப்பேன், பிறகு விளக்கின் கீழே. இரண்டுக்கும் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இந்த வெளிச்சத்தில் இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்கிற ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொள்வேன். பிட் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மேலே பேசலாம். 6500 கெல்வின், 5600 கெல்வின் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது விளக்கு நீலமாக எரிகிறதா மஞ்சளாக எரிகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். அதை ஒயிட் பேலன்ஸ் பார்த்துக்கொள்ளும்.

துணி திரும்பி வந்ததைவிட என்னை அதிகம் வருத்தியது ஒரு முகம். பக்கத்து வீட்டு அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறவர். மகள் கல்யாணத்துக்கு முன் தனக்கென்று ஒரு படம் வேண்டும் என்று, பட்டுப் புடவை கட்டி, பெரிய பொட்டு வைத்து வந்து உட்கார்ந்தார். இதே பிளட் லைட்டில்தான் எடுத்தேன். பிரிண்ட்டைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னாப்பா, ஜுரம் வந்தவ மாதிரி இருக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரி. வெயிலிலும் உப்புக் காற்றிலும் நின்று மினுமினுக்கிற கருப்பு அவருடையது. படத்தில் சாம்பல் பூத்து இருந்தது.

கருப்புத் தோலில் உள்ள மெலனின் நீலத்தையும் பச்சையையும் நிறைய விழுங்கிவிடும். சிவப்பை அவ்வளவு விழுங்காது. ஆக, அந்தத் தோலிலிருந்து திரும்பி வந்து முகத்துக்கு உயிர் கொடுப்பது பெரும்பாலும் சிவப்புப் பக்கத்து ஒளி. விளக்கில் அது இல்லையென்றால் முகம் செத்துப்போகும். நம்மில் எத்தனையோ பேர் "நான் போட்டோவில் நல்லா விழ மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வாழ்கிறார்கள். பாதி பேருக்கு யாரும் நல்ல விளக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சாம்பலைச் சரிசெய்கிறேன் என்று முகத்தை வெளுத்துக் கொடுக்கிற பழக்கம் பல ஸ்டூடியோக்களில் இருக்கிறது. அதை நான் செய்யவே மாட்டேன். அந்த அம்மாவைக் காலை எட்டு மணிக்கு வாசற்படியில் உட்காரவைத்துத் திரும்ப எடுத்தேன். அந்தப் படம்தான் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

அப்படியானால் ஜன்னல் வெளிச்சமே போதுமே, விளக்கு எதற்கு என்று கேட்கலாம். நானும் சில மாதம் அப்படி ஓட்டினேன். வடக்குப் பார்த்த ஜன்னல்தான் சிறந்தது, நேர் வெயில் விழாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கோடையில் என் வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் எட்டிப் பார்த்தது. போதாததற்கு எதிர் வீட்டுச் சுவருக்கு ரோஸ் பெயின்ட். தெரு அகலம் பத்தடி கூட இல்லை. பத்து மணிக்கு அந்தச் சுவரில் வெயில் பட்டதும் என் அறையில் வைத்த வெள்ளைச் சட்டைகளுக்கெல்லாம் வெட்கம் வந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளிச்சமே கிடையாது, தீபாவளி ஆர்டரோ அப்போதுதான் குவியும். எனவே விளக்கு வேண்டும்.

பிளாஷா, தொடர்ந்து எரியும் விளக்கா? வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்தால் பிளாஷுக்குப் பக்கத்தில் எதுவும் வராது. 60 வாட் விளக்கு, ஷட்டர் திறந்திருக்கும் நூறில் ஒரு நொடியில் செலவழிப்பது 0.6 ஜூல். கேமரா தலையில் மாட்டுகிற சின்ன பிளாஷ் முழு வேகத்தில் ஒரு வெட்டில் கொட்டுவது அறுபது ஜூலுக்கு மேல். ஒரு வாட்டுக்கு எல்.இ.டி. கூடுதல் வெளிச்சம் தரும் என்பதைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி அடையாது. அதனால் ஓடி ஆடுகிற குழந்தைகளுக்கு உடுப்பு போட்டு எடுப்பவர்கள் பிளாஷ் வாங்கட்டும். ஆனால் புடவை ஓடாது. மடித்து வைத்த துணிக்கும், ஸ்டாண்டில் கட்டிய புடவைக்கும், உட்கார்ந்திருக்கிற மனிதருக்கும் எரியும் விளக்கு போதும். ஜரிகையில் எங்கே மின்னல் விழுகிறது, மூக்குத்தி நிழல் எங்கே போகிறது, கண்ணாடி போட்டவர் கண்ணில் விளக்கு தெரிகிறதா என்று எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். அதே விளக்கில் ரீல்ஸும் எடுத்துக் கொடுக்கலாம். கடைக்காரர்கள் இப்போது இரண்டையும் கேட்கிறார்கள்.

எரியும் விளக்கில் நான் பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஹாலஜன் நிறத்தில் தங்கம், சி.ஆர்.ஐ. கிட்டத்தட்ட 100. ஆனால் சென்னைச் சித்திரை மாதத்தில் பூட்டிய அறைக்குள் ஆயிரம் வாட் விளக்கு இரண்டைப் போட்டுக்கொண்டு யாரும் வேலை செய்ய முடியாது. ஐந்து மணி நேரம் எரித்தால் பத்து யூனிட், அப்புறம் பக்கத்தில் துணி வைத்தால் தீ. சி.எப்.எல். பல்பு மாட்டிய சாப்ட்பாக்ஸ், அதாவது வெளிச்சத்தை மென்மையாக்குகிற துணிப் பெட்டி, ஒரு காலத்தில் ஏழைகளின் ஸ்டூடியோவாக இருந்தது. நிறம் விட்டு விட்டு வரும், பச்சை தூக்கும், பல்பு உடைந்தால் உள்ளே பாதரசம். இன்று புதிதாக வாங்கக் காரணமில்லை. ரிங் லைட் மேக்கப் செய்கிறவர்களுக்கு. துணியின் நெசவை அது தட்டையாக்கிவிடும்.

நான் வாங்கியது, சி.ஓ.பி. என்று சொல்கிற, நடுவில் ஒரே மஞ்சள் வில்லையாக இருக்கும் 60 வாட் எல்.இ.டி. விளக்கு. காடாக்ஸ் எஸ்.எல். 60 டபிள்யூ இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. நம் ஊர் பிராண்டுகளிலும் இதே வகை கிடைக்கிறது. எனக்கு 11,000 ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு பிளட் லைட்டின் விலையோடு ஒப்பிட்டால் எட்டு மடங்கு. வாட்டைக் கூட்டி வாங்குவதற்குப் பதில் நிறம் நன்றாக இருக்கும் ஒன்றே ஒன்றை வாங்குங்கள் என்று என்னைக் கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். வாங்கும்போது முன் வாய் போவென்ஸ் மவுண்ட்டாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போவென்ஸ் என்கிற பிரிட்டிஷ் நிறுவனம் 2017-ல் மூடிவிட்டது. ஆனால் அவர்கள் வைத்த மூன்று காது வாய் உலகம் முழுக்க நின்றுவிட்டது. எந்தக் கம்பெனி சாப்ட்பாக்ஸும் அதில் மாட்டும், பழையது வாங்கவும் விற்கவும் எளிது. கேமரா கடைகள் இருக்கிற எல்லிஸ் ரோட்டில் போய் நேரில் எரியவைத்துப் பார்த்து வாங்கலாம். எங்கள் பக்கத்திலிருந்து தியாகராயா கல்லூரியில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கிக்கொள்ளலாம், ஒரே வண்டி.

சாப்ட்பாக்ஸ் வாங்கவில்லை. வேட்டி இருந்தது.

வெளிச்சம் மென்மையாக விழுவதற்கு விளக்கின் விலை காரணமில்லை. எடுக்கும் பொருளிலிருந்து பார்த்தால் ஒளி வருகிற இடம் எவ்வளவு பெரியதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. நாலு முழ வேட்டி ஒன்றை விரித்தால் ஏறக்குறைய ஆறரைக்கு நாலடி. முக்கால் அங்குல பி.வி.சி. பைப்பில் ஆறுக்கு நாலு சட்டம், மூலைக்கு ஒரு எல்போ, பசை போடாமல் சும்மா செருகியது, கழற்றி மூலையில் சாத்திவைக்கலாம். 400 ரூபாய் கூட ஆகவில்லை. வேட்டியை இழுத்துப் பிடித்துச் சுற்றிலும் பைண்டர் கிளிப் போட்டேன். கரை மட்டும் பைப்புக்குப் பின்னால் மடிந்து போகவேண்டும். பச்சைக் கரை வெளிச்சத்தில் நின்றால் படத்தின் ஓரத்தில் பச்சை அடிக்கும். அப்பா கட்டிக் கட்டி நைந்த மல் வேட்டி அது. புது வேட்டியைவிட நைந்ததே நல்லது. நெசவு தளர்ந்து ஒளியைச் சீராக விடுகிறது, கஞ்சியும் இல்லை. நீலம் போட்டுத் துவைத்த வேட்டி என்றால் வெளிச்சமும் நீலமாக வரும். அதனால் வெள்ளைத் தாளை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுப்பது எப்போதும் வேட்டி வழியாக வந்த வெளிச்சத்தில்தான்.

விளக்கு வேட்டிக்குப் பின்னால் மூன்றரை அடியில், புடவை வேட்டிக்கு முன்னால் மூன்று அடியில். விளக்கை வேட்டிக்கு மிக நெருக்கி வைத்தால் நடுவில் மட்டும் ஒரு நிலா தெரியும், பெரிய வேட்டி கட்டியும் பயனில்லை. வேட்டியைப் புடவையிலிருந்து நகர்த்தினாலோ மென்மை போய்விடும், வெளிச்சமும் சடசடவென்று விழும். ஒளி வருகிற இடத்துக்கு உள்ள தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதிக்குக் கீழே போய்விடும். சின்ன விளக்கு வைத்திருப்பவனுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும். கிட்டே கொண்டு வருவதுதான் நமக்குக் கிடைக்கிற இலவச வாட். இந்த அமைப்பில் எனக்கு லென்ஸ் திறப்பு எஃப் 4, ஷட்டர் நூறில் ஒரு நொடி, கேமராவின் ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 400 முதல் 800 வரை வருகிறது. டிரைபாடில் வைத்தால் ஐ.எஸ்.ஓ.வை இன்னும் இறக்கலாம்.

மறுபக்கம், வெளிச்சத்தை நிழல் பக்கத்துக்குத் திருப்பி விட ஒரு தெர்மோகோல் தகடு. சினிமாக்காரர்கள் வைப்பது போலத்தான். புட்டா, எம்போஸ் மாதிரி மேலெழுந்த வேலைப்பாடு இருந்தால் தெர்மோகோலை எடுத்துவிட்டு, வேட்டியைப் பக்கவாட்டில் திருப்பி, வெளிச்சம் துணியைத் தடவிப் போகும்படி வைப்பேன். ஒவ்வோர் இழைக்கும் ஒரு சின்ன நிழல் விழும். வாங்குகிறவர் விரலால் தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் அந்த நிழல்தான் விரல்.

சுவரைப் பற்றி ஒன்று. என் அறைக்கு வெளிர்ப் பச்சை டிஸ்டம்பர், வீட்டுக்காரர் மாற்ற விடவில்லை. சின்ன அறையில் சுவர்கள் எல்லாமே இரண்டாவது விளக்கு. பச்சைச் சுவர் நிழல் பக்கத்தையெல்லாம் பச்சையாக்கியது. கோடவுன் தெருவில் மீட்டர் கணக்கில் வெள்ளைத் துணி வாங்கி மூன்று பக்கமும் தொங்கவிட்ட பிறகுதான் நிறம் நின்றது. எடுக்கும்போது டியூப் லைட்டையும் அணைத்துவிடுவேன். இரண்டு வகை வெளிச்சம் கலந்துவிட்டால் ஒயிட் பேலன்ஸ் ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

மலிவு விளக்கின் இன்னொரு வியாதி நடுக்கம். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். உள்ளே கரன்ட்டைச் சீராக்கிக் கொடுக்கிற டிரைவர் சரியில்லாத எல்.இ.டி. நொடிக்கு நூறு முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று வைத்தால் தப்பிக்கலாம். கடையிலேயே போன் கேமராவை புரோ மோடில் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு வைத்து விளக்கைக் காட்டுங்கள். பட்டை ஓடினால் வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்தும் ஒருமுறை பாருங்கள், சில விளக்குகள் முழு வேகத்தில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, குறைத்தால் நடுங்கும். ரீல்ஸ் எடுப்பதென்றால் உள்ளே ஓடும் மின்விசிறிச் சத்தத்தையும் காதை வைத்துக் கேட்டுவிடுங்கள்.

ஸ்டாண்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இந்த வகை விளக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது, வேட்டிச் சட்டமோ பாய்மரம் மாதிரி, வாசலிலிருந்து கடல் காற்று ஒரு வீச்சு வீசினால் போதும். இரண்டுக்கும் காலில் சிமென்ட் சாக்குத் துண்டில் மணல் கட்டி வைத்திருக்கிறேன். உப்புக் காற்றில் மட்டமான ஸ்டாண்டின் திருகு ஒரே மழைக்காலத்தில் துருவேறி இறுகிவிடும். மாதம் ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும்.

அந்த அரக்குப் புடவையின் அடுத்த கட்டு வந்தபோது புது அமைப்பில் எடுத்து, படத்தோடும் புடவையோடும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் ஒன்றும் பேசாமல் போனையும் புடவையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து, "அந்த ரத்தச் சந்தனக் கலரையும் எடுத்துக் கொடுத்துடு தம்பி" என்று இன்னொரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

பழைய பிளட் லைட் இரண்டும் இப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எரிகின்றன. இரவில் மோட்டார் போட ஏறுகிறவர்களுக்குப் படிக்கட்டு நன்றாகத் தெரிகிறது.